எட்டில் ஐந்து கார்கள்: 2021 ஃபார்முலா 1 பட்டம் கைமாறிய விதம்

2024 ஆகஸ்ட் இறுதியில் தீவுத்திடலைச் சுற்றி, நேப்பியர் பாலத்தையும் சிவானந்தா சாலையையும் அண்ணா சாலையையும் தொட்டுக்கொண்டு ஃபார்முலா 4 கார்கள் இரவு விளக்குகளின் கீழ் ஓடிய பிறகு, சென்னையில் கார்ப் பந்தயத்தைப் புதிதாகக் கவனிக்கத் தொடங்கியவர்கள் பலர். அவர்கள் ஃபார்முலா 1 வரலாற்றைப் புரட்டும்போது இடறி நிற்கும் ஆண்டு 2021. ஒரு சாரார் அந்த ஆண்டின் பட்டம் மெர்சிடிஸ் அணியின் லூயிஸ் ஹாமில்டனிடமிருந்து பறிக்கப்பட்டது என்கிறார்கள். இன்னொரு சாரார் ரெட் புல் அணியின் மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் கடைசிச் சுற்றில் முந்தி நியாயமாக வென்றார் என்கிறார்கள். இரு தரப்பும் வெவ்வேறு கேள்விகளுக்கு விடை சொல்கின்றன என்பதே குழப்பத்தின் வேர். விதி மீறப்பட்டதா என்பது ஒரு கேள்வி. பட்டத்துக்குத் தகுதியானவர் யார் என்பது வேறொரு கேள்வி. இரண்டையும் பிரித்து வைத்துக்கொண்டால்தான் கடைசிப் பந்தய இரவில் அபுதாபியில் நடந்தது புரியும்.

யார் நடத்துகிறார்கள், யார் தீர்ப்பளிக்கிறார்கள்

ஃபார்முலா 1 பந்தயங்களின் விதிகளை எழுதி நடைமுறைப்படுத்துவது சர்வதேச மோட்டார் வாகனக் கூட்டமைப்பு, சுருக்கமாக எஃப்ஐஏ. சென்னை இரவுப் பந்தயம் தொடங்குவதற்கு முன் தடத்துக்கு இந்த அமைப்பின் சான்றிதழ் வர வேண்டும் என்று நீதிமன்றம் வரை பேசப்பட்டதும், சான்றிதழுக்காக முதல் நாள் நிகழ்ச்சிகள் தள்ளிப்போனதும் நினைவிருக்கலாம். அந்த எஃப்ஐஏ-தான் இது.

ஒவ்வொரு பந்தயத்திலும் அதிகாரம் இரண்டாகப் பிரிந்திருக்கும். பந்தயத்தை அந்தந்த நொடியில் நடத்துபவர் பந்தய இயக்குநர். எந்தக் கொடி காட்டுவது, விபத்தின்போது கார்களை மெதுவாக்க முன்னே ஓடும் சேஃப்டி காரை எப்போது அனுப்புவது, எப்போது திரும்ப அழைப்பது என்பதெல்லாம் அவர் பொறுப்பு. தவறு நடந்ததா, தண்டனை என்ன என்று முடிவு செய்வது தனியாக இயங்கும் நடுவர் குழு. 2021-இல் பந்தய இயக்குநராக இருந்தவர் ஆஸ்திரேலியரான மைக்கேல் மாசி. பல்லாண்டு காலம் அந்தப் பொறுப்பிலிருந்த சார்லி வைட்டிங் 2019 மார்ச்சில் மெல்போர்ன் பந்தயத்துக்குச் சற்று முன் திடீரென இறந்துபோனதால் மாசி அந்த இடத்துக்கு வந்தார்.

புள்ளிக் கணக்கு எளிது. வெற்றிக்கு 25, இரண்டாம் இடத்துக்கு 18, மூன்றாம் இடத்துக்கு 15 என்று இறங்கி, பத்தாம் இடத்துக்கு 1. முதல் பத்து இடங்களுக்குள் முடித்தவர் அதிவேகச் சுற்றையும் ஓட்டியிருந்தால் அந்த ஆண்டில் கூடுதலாக 1 புள்ளி உண்டு. மூன்று இடங்களில் மட்டும் சனிக்கிழமைக் குறும்பந்தயத்துக்கு 3, 2, 1 என்று தனிப் புள்ளிகள் இருந்தன. ஆண்டு முடிவில் இருவர் சமமாக இருந்தால், அதிக வெற்றிகள் பெற்றவருக்குப் பட்டம்.

21 பந்தயங்களுக்குப் பிறகு சமநிலை

22 பந்தயங்கள் கொண்ட அந்த ஆண்டில், கடைசிப் பந்தயத்துக்கு முன் ஹாமில்டனும் வெர்ஸ்டாப்பனும் தலா 369.5 புள்ளிகளுடன் நின்றார்கள். கடைசிப் பந்தயத்துக்கு முதலிரு இடத்தவர்கள் சமமாக வந்தது அதற்கு முன் ஒரே ஒரு முறை, 1974-இல் எமர்சன் ஃபிட்டிபால்டிக்கும் கிளே ரெகாசோனிக்கும் இடையே நடந்தது. இந்தச் சமநிலை அமைதியாக வந்ததல்ல.

ஜூன் மாதம் பாகூவில் முன்னணியில் ஓடிக்கொண்டிருந்த வெர்ஸ்டாப்பனின் டயர் வெடித்தது; மறுதொடக்கத்தில் ஹாமில்டன் பிரேக் அமைப்பைத் தவறுதலாக மாற்றிவிட்டு நேராகத் தடத்தை விட்டு ஓடினார்; இருவருக்கும் அன்று சுழியம். ஜூலையில் சில்வர்ஸ்டோன் முதல் சுற்றில், காப்ஸ் வளைவில் இருவரும் மோத, வெர்ஸ்டாப்பனின் கார் தடுப்புச் சுவரில் அடித்து நொறுங்கியது. மோதலுக்குக் காரணம் என்று 10 விநாடி தண்டனை பெற்ற ஹாமில்டனே அந்தப் பந்தயத்தை வென்றார். தண்டனை பெற்றவருக்கு 25 புள்ளி, மோதப்பட்டவருக்கு மருத்துவமனை என்ற அந்தக் கணக்கை ரெட் புல் அணி ஆண்டு முழுவதும் மறக்கவில்லை. செப்டம்பரில் மொன்சாவில் வெர்ஸ்டாப்பனின் கார் ஹாமில்டனின் காருக்கு மேலேயே ஏறி நின்றது. தலைக்கு மேலிருந்த ஹேலோ என்ற பாதுகாப்பு வளையம் இல்லாவிட்டால் விளைவு என்னவாகியிருக்கும் என்று நினைக்கவே அச்சமாக இருக்கும். அதற்கு வெர்ஸ்டாப்பனுக்கு அடுத்த பந்தயத்தில் மூன்று இடம் பின்தள்ளும் தண்டனை கிடைத்தது.

புள்ளிகளில் தொங்கும் அந்த அரைப் புள்ளி எங்கிருந்து வந்தது என்பதும் இந்தக் கதையின் ஒரு பகுதி. ஆகஸ்டில் பெல்ஜியத்தின் ஸ்பாவில் கொட்டும் மழையில் கார்கள் சேஃப்டி காரின் பின்னே ஊர்வலம் போல் சில சுற்றுகள் சென்று திரும்பின. ஒரு காரும் இன்னொன்றை முந்தாத அந்த நிகழ்வுக்குப் பாதிப் புள்ளிகள் வழங்கப்பட்டன. வெர்ஸ்டாப்பனுக்கு 12.5, ஹாமில்டனுக்கு 7.5. பட்டத்தைத் தீர்மானித்தது ஸ்பாதான் என்று சிலர் வாதிடுவதுண்டு. கணக்குப் போட்டால் அது நிற்காது. ஸ்பா புள்ளிகளை முழுதாக நீக்கினாலும் ஆண்டு முடிவில் வெர்ஸ்டாப்பன் 3 புள்ளி முன்னிலையில் இருந்திருப்பார். அபுதாபியை ஹாமில்டன் வென்று வெர்ஸ்டாப்பன் இரண்டாவதாக வந்திருந்தால், ஸ்பாவுக்கு முழுப் புள்ளி கொடுத்திருந்தாலும் பட்டம் ஹாமில்டனுக்கே போயிருக்கும். ஆக, எப்படிக் கூட்டினாலும் கணக்கு அபுதாபியில்தான் வந்து நிற்கிறது.

டிசம்பர் 5-ஆம் தேதி ஜெத்தாவில் நடந்தது இன்னொரு வகையில் முக்கியமானது. இடத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லப்பட்ட வெர்ஸ்டாப்பன் வேகத்தைக் குறைக்க, விவரம் அறியாத ஹாமில்டன் பின்னாலிருந்து மோதினார். வெர்ஸ்டாப்பனுக்கு 10 விநாடி தண்டனை. அதே பந்தயத்தின் இடைவேளையில், மறுதொடக்கத்துக்கு எந்த இடத்தில் நிற்பது என்று மாசி ரெட் புல் அணிக்கு வானொலியில் ஒரு யோசனையை முன்வைத்ததையும், அணி அதை ஏற்றுக்கொண்டதையும் தொலைக்காட்சி பார்த்தவர்கள் அனைவரும் கேட்டார்கள். நடுவரும் ஆட்டக்காரரும் பேரம் பேசுவது போன்ற அந்த உரையாடல் அடுத்த வாரத்துக்கு ஒரு முன்னோட்டமாக அமைந்துவிட்டது.

சேஃப்டி காரும் பின்தங்கிய கார்களும்

தடத்தில் விபத்து நடந்து ஊழியர்கள் இறங்கி வேலை செய்ய வேண்டியிருந்தால், வேகத்தைக் கட்டுப்படுத்த சேஃப்டி கார் முன்னே வரும். எல்லாக் கார்களும் அதன் பின்னே ஒன்றன்பின் ஒன்றாக அணிவகுக்கும்; முந்துவது கூடாது. இதனால் அதுவரை முன்னணியிலிருந்தவர் உழைத்துச் சேர்த்த இடைவெளி முழுவதும் மறைந்துவிடும். அது யாருடைய தவறுமல்ல. விளையாட்டின் அமைப்பே அப்படி.

இங்கே ஒரு சிக்கல் வரும். முன்னணிக் காரைவிட ஒரு முழுச் சுற்று பின்தங்கிய கார்கள், அணிவகுப்பில் முன்னணிக் கார்களுக்கு இடையே சிக்கிக்கொள்ளும். பார்ப்பதற்கு இரண்டாம் இடத்துக் கார் முதலிடத்துக் காருக்கு அடுத்து நிற்பது போலிருக்காது. நடுவில் பட்டத்துக்குத் தொடர்பில்லாத சில கார்கள் நிற்கும். பின்தங்கிய கார் பட்டப் போட்டியாளருக்கு எவ்வளவு இடையூறாகலாம் என்பதற்கு நம்மூர் உதாரணமே உண்டு. 2012-இல் மலேசியாவின் செபாங் தடத்தில், பின்தங்கியிருந்த நாராயண் கார்த்திகேயனின் காரை முந்தும்போது செபாஸ்டியன் வெட்டலின் டயர் உரசிக் கிழிந்தது. நான்காம் இடத்துப் புள்ளிகள் கைநழுவிய வெட்டல், கார்த்திகேயனை வெள்ளரிக்காய் என்று ஏசினார். அந்த ஆண்டு வெட்டல் பட்டம் வென்றது வெறும் 3 புள்ளி வித்தியாசத்தில். அத்தனை நெருக்கமான ஆண்டில் ஒரு பின்தங்கிய காரின் மதிப்பு என்ன என்று பார்த்துக்கொள்ளலாம்.

எனவே விதிகள் ஒரு வழி வைத்திருந்தன. பாதுகாப்பானது என்று கருதினால், பின்தங்கிய கார்கள் முன்னணிக் கார்களையும் சேஃப்டி காரையும் தாண்டிச் சென்று, தடத்தைச் சுற்றி வந்து அணிவகுப்பின் வால்பகுதியில் சேர்ந்துகொள்ள அனுமதிக்கலாம். இதற்கு நேரம் பிடிக்கும். அபுதாபியில் கையில் இல்லாதது அந்த நேரம்தான்.

2021 டிசம்பர் 12: கடைசி ஆறு சுற்றுகள்

இந்திய நேரப்படி மாலை 6.30 மணிக்குத் தொடங்கிய 58 சுற்றுப் பந்தயத்தில், தொடக்கத்திலேயே முன்னேறிய ஹாமில்டன் பெரும்பகுதி முன்னணியில் இருந்தார். 14-ஆம் சுற்றில் மாட்டிய கடின வகை டயர்களிலேயே ஓடிக்கொண்டிருந்தார். வெர்ஸ்டாப்பன் நடுவில் ஒருமுறை கூடுதலாகப் புது டயர் மாற்றியும், 11 விநாடிக்கு அருகே இடைவெளி இருந்தது. அதன் பின் நடந்தவை வரிசையாக:

1. 53-ஆம் சுற்றில் வில்லியம்ஸ் அணியின் நிக்கோலஸ் லதீஃபி சுவரில் மோதினார். சேஃப்டி கார் வந்தது.

2. வெர்ஸ்டாப்பன் டயர் மாற்றும் இடமான பிட்டுக்குள் சென்று புதிய, வேகமான மென்மை வகை டயர்களை மாட்டிக்கொண்டார். ஹாமில்டன் வெளியிலேயே இருந்தார். இது மெர்சிடிஸின் முட்டாள்தனம் என்று பின்னர் பலர் சொன்னாலும், அந்த நிமிடத்தில் அது நியாயமான முடிவே. ஹாமில்டன் உள்ளே போயிருந்தால் வெர்ஸ்டாப்பன் வெளியில் நின்று முதலிடத்தைப் பிடித்திருப்பார். பந்தயம் சேஃப்டி காரின் பின்னாலேயே முடிந்திருந்தால் பட்டமும் அவரிடம் போயிருக்கும். முன்னால் இருப்பவர் எதைச் செய்தாலும் பின்னால் இருப்பவர் அதற்கு நேர்மாறாகச் செய்யலாம் என்ற பொறியில் மெர்சிடிஸ் அகப்பட்டிருந்தது.

3. அணிவகுப்பில் இருவருக்கும் இடையே ஐந்து பின்தங்கிய கார்கள் நின்றன: நோரிஸ், அலோன்சோ, ஒக்கோன், லெக்லேர், வெட்டல். வெர்ஸ்டாப்பனுக்குப் பின்னால் ரிக்கார்டோ, ஸ்ட்ரோல், மிக் ஷூமாக்கர் என்று மேலும் மூன்று. மொத்தம் எட்டு.

4. பின்தங்கிய கார்கள் முந்திச் செல்ல அனுமதியில்லை என்று முதலில் அறிவிப்பு வந்தது.

5. ரெட் புல் அணித் தலைவர் கிறிஸ்டியன் ஹார்னர், ஒரே ஒரு பந்தயச் சுற்று கிடைத்தால் போதும் என்று மாசியிடம் வானொலியில் வலியுறுத்தினார். மெர்சிடிஸின் டோட்டோ வோல்ஃபும் அதற்கு முன் சேஃப்டி காரையே அனுப்ப வேண்டாம் என்று கேட்டிருந்தார். காதில் ஓதியது ஒரு தரப்பு மட்டுமல்ல.

6. 57-ஆம் சுற்றில் அறிவிப்பு மாறியது. நடுவில் நின்ற ஐந்து கார்கள் மட்டும் முந்திச் செல்லலாம். மற்ற மூன்றுக்கும் அனுமதி இல்லை. உடனே, இந்தச் சுற்றோடு சேஃப்டி கார் விலகும் என்ற செய்தியும் வந்தது.

7. 58-ஆம் சுற்று மட்டும் பந்தயமாக ஓடியது. 44 சுற்றுப் பழைய கடின டயர்களில் ஹாமில்டன். புத்தம் புதிய மென்மை டயர்களில் வெர்ஸ்டாப்பன். ஐந்தாம் வளைவில் வெர்ஸ்டாப்பன் முந்தினார். இறுதி இடைவெளி 2.256 விநாடி, ஆண்டின் கணக்கு 395.5-க்கு 387.5.

மூன்றாவதாக முடித்த ஃபெராரியின் கார்லோஸ் சைன்ஸை இந்த விவாதத்தில் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். வெர்ஸ்டாப்பனுக்கும் அவருக்கும் இடையே நின்ற பின்தங்கிய கார்கள் அகற்றப்படவில்லை. வெர்ஸ்டாப்பனுக்கு வழி திறந்தது. அவருக்குப் பின்னால் இருந்தவருக்குத் திறக்கவில்லை. முடிவு குறிப்பிட்ட இருவருக்காகவே எடுக்கப்பட்டது என்பதற்கு இதைவிட வெளிப்படையான தடயம் இல்லை.

விதி 48.12 சொன்னது என்ன

அந்த ஆண்டின் விளையாட்டு விதிகளில் 48.12-ஆம் பிரிவு இரண்டு விஷயங்களைச் சொன்னது. முதலாவது: அனுமதி அறிவிப்பு வெளியானால், முன்னணிக் காரால் ஒரு சுற்று முந்தப்பட்ட ‘எனி’ (any, எந்த) கார்களும் தாண்டிச் செல்ல வேண்டும். இரண்டாவது: கடைசிப் பின்தங்கிய கார் முன்னணிக் காரைத் தாண்டியதும், அதற்கு அடுத்த சுற்றின் முடிவில் சேஃப்டி கார் பிட்டுக்குத் திரும்பும்.

இரண்டாவது வாக்கியத்தில் மயக்கத்துக்கு இடமில்லை. 57-ஆம் சுற்றில் கார்கள் தாண்டினால், அடுத்த சுற்று 58. அதன் முடிவில்தான் சேஃப்டி கார் விலக வேண்டும். ஆனால் 58-ஓடு பந்தயமே முடிந்துவிடும். அதாவது, விதி எழுத்துப்படி நடந்திருந்தால், ஹாமில்டன் சேஃப்டி காரின் பின்னே முதலாவதாகக் கோட்டைக் கடந்து எட்டாம் முறையாக உலகச் சாம்பியன் ஆகியிருப்பார்.

முதல் வாக்கியத்தில் ரெட் புல் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டது. ‘எனி’ என்றால் ‘ஆல்’ (all, எல்லா) அல்ல என்றது. தமிழில் யோசித்தால் இந்த வாதத்தின் பலவீனம் தெரியும். பின்தங்கிய எந்தக் காரானாலும் தாண்டிச் செல்ல வேண்டும் என்று ஒருவர் எழுதிவைத்தால், விரும்பிய சிலவற்றைப் பொறுக்கிக்கொள்ளலாம் என்று யாரும் பொருள் கொள்ளமாட்டார்கள். மாசியேகூட 2020 அக்டோபரில் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் சேஃப்டி கார் நீண்ட நேரம் ஓடியது ஏன் என்று கேட்கப்பட்டபோது, பின்தங்கிய கார்கள் அனைத்தும் தாண்டிச் செல்ல வேண்டும் என்பது விதியின் கட்டாயம் என்று விளக்கம் தந்திருந்தார்.

நடுவர் குழு அதை எப்படித் தாண்டியது

மெர்சிடிஸ் அன்றிரவே இரண்டு ஆட்சேபங்களைப் பதிவு செய்தது. சேஃப்டி காரின் பின்னே இருந்தபோது வெர்ஸ்டாப்பன் ஒரு கணம் ஹாமில்டனை முந்தினார் என்பது ஒன்று. அது சிறு விஷயம், எளிதாகத் தள்ளுபடியானது. 48.12 மீறப்பட்டது என்பது மற்றொன்று. பரிகாரமாக, 57-ஆம் சுற்றின் முடிவில் இருந்த வரிசையையே இறுதி முடிவாக அறிவிக்க வேண்டும் என்று அந்த அணி கேட்டது.

நடுவர்கள் மறுத்ததற்குச் சொன்ன காரணங்கள் மூன்று.

1. 48.12 முழுமையாகப் பின்பற்றப்படாமல் இருந்திருக்கலாம். ஆனால் இந்தச் சுற்றோடு சேஃப்டி கார் விலகும் என்ற செய்தி வெளியாகிவிட்டால் அந்தச் சுற்றின் முடிவில் அது விலகியே ஆக வேண்டும் என்கிறது அடுத்த பிரிவான 48.13. இது முந்தையதைவிட மேலோங்குகிறது.

2. 15.3-ஆம் பிரிவின்படி சேஃப்டி காரைப் பயன்படுத்துவதில் பந்தய இயக்குநருக்கு மேலதிகாரம் உண்டு.

3. 57-ஆம் சுற்று முடிவை எடுத்துக்கொள்வது, ஓடி முடித்த பந்தயத்தைப் பின்தேதியிட்டுச் சுருக்குவதாகும்.

மூன்றாவது காரணம் ஏற்கத்தக்கது. முதல் இரண்டும் அப்படியல்ல. செய்தி வெளியானால் கார் விலக வேண்டும் என்பது சரிதான். ஆனால் அந்தச் செய்தியை எப்போது வெளியிடலாம் என்பதைத்தானே 48.12 சொல்கிறது? தவறான நேரத்தில் மணி அடித்துவிட்டு, மணி அடித்தபின் வகுப்பு கலைய வேண்டும் என்பதும் விதிதான் என்று சொல்வது போன்றது இது. 15.3-ஐ முழுதாகப் படித்தால், அது பந்தய இயக்குநருக்கும் அவரோடு சேர்ந்து பணிபுரியும் தடப் பொறுப்பாளருக்கும் இடையிலான அதிகாரப் பங்கீட்டைப் பேசுகிறது: குறிப்பிட்ட சில விஷயங்களில் இயக்குநரின் சொல்லே இறுதி, அவர் சம்மதமின்றித் தடப் பொறுப்பாளர் உத்தரவிடக் கூடாது. ஓர் அதிகாரியின் சொல் இன்னோர் அதிகாரியின் சொல்லைவிட மேலானது என்பதிலிருந்து, அது விதிகளைவிடவும் மேலானது என்று எப்படி வர முடியும்? அன்றைய தீர்ப்பின் பலவீனமான கண்ணி இதுவே.

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு 2019 உலகக் கோப்பை இறுதி ஆட்டம் ஒப்புநோக்க உதவும். ஆட்டமும் சூப்பர் ஓவரும் சமனாக, அடித்த பவுண்டரிகளின் எண்ணிக்கையில் இங்கிலாந்துக்குக் கோப்பை போனது. அந்த விதி அபத்தமானது என்று உலகமே சொன்னது. சில மாதங்களில் ஐசிசி அதைக் கைவிட்டது. ஆனால் அது முன்கூட்டியே எழுதப்பட்டிருந்த விதி, எழுதியபடியே நடந்தது. அபுதாபியில் தலைகீழ்: விதி நல்ல விதி, நடப்பில்தான் கோணல்.

வேறு என்ன நடந்திருக்கலாம்

வெர்ஸ்டாப்பன் பக்கம் நின்று பார்ப்பதும் நேர்மைக்கு அவசியம். 53-ஆம் சுற்றுக்குப் பின் மாசியின் முன் இருந்த வழிகள் இவை.

1. பின்தங்கிய கார்களை அப்படியே விட்டுவிட்டு, கடைசிச் சுற்றில் பந்தயத்தைத் தொடங்குவது. முதல் அறிவிப்பு இதைத்தான் சுட்டியது. விதிக்கு உட்பட்டது. வெர்ஸ்டாப்பன் ஐந்து கார்களைத் தாண்டி வர வேண்டியிருந்திருக்கும். ஹாமில்டன் அநேகமாக வென்றிருப்பார்.

2. எட்டுக் கார்களையும் அனுப்பி, அடுத்த சுற்று முடிவில் சேஃப்டி காரை அழைப்பது. பந்தயம் ஊர்வலமாக முடியும். ஹாமில்டனுக்குப் பட்டம்.

3. உடனே சிவப்புக் கொடி காட்டிப் பந்தயத்தை நிறுத்துவது. விதிப்படி இருவரும் டயர் மாற்றிக்கொள்ளலாம். நின்ற இடத்திலிருந்து மறுதொடக்கம், சில சுற்றுகள் சமமான போட்டி. அதே ஆண்டு பாகூவில் கடைசிச் சுற்றுகளுக்கு முன் இதுதான் செய்யப்பட்டது. யார் வென்றிருப்பார் என்று யாரும் சொல்ல முடியாது.

4. தடத்திலிருந்த லதீஃபியின் கார் சற்று முன்னதாக அகற்றப்பட்டு, ஒரு சுற்று முன்பே எட்டுக் கார்களையும் அனுப்பியிருந்தால், விதி முழுதும் பின்பற்றப்பட்டு, அதே ஒரு சுற்றுப் போட்டியும் கிடைத்திருக்கும்.

நான்காவது வழியைக் கவனிக்க வேண்டும். புது டயரும் ஒரு சுற்றும் வெர்ஸ்டாப்பனுக்குச் சட்டப்படியே கிடைத்திருக்கக் கூடியவைதான். அவர் செய்யாத தவறு எதுவும் அவர் மேல் ஏறாது. கிடைத்த வாய்ப்பில் ஒரே முயற்சியில் முந்தியதும் அவர் திறமையே. அந்த ஆண்டு 10 வெற்றிகள் அவருக்கு, 8 ஹாமில்டனுக்கு. தகுதியை ஆண்டு முழுமைக்கும் அளந்தால் வெர்ஸ்டாப்பன் பக்கம் தராசு சாய்வதை மறுப்பதற்கில்லை. ஆனால் அபுதாபி முடிவை நியாயப்படுத்த இந்த வாதத்தைக் கொண்டுவருபவர்கள், முதல் கேள்விக்கு இரண்டாம் கேள்வியின் விடையைத் தருகிறார்கள்.

விசாரணை அறிக்கையும் அதன் முரணும்

மேல்முறையீடு செய்ய மெர்சிடிஸுக்கு 96 மணி நேரம் இருந்தது. முதலில் நோக்கத்தை அறிவித்த அந்த அணி, டிசம்பர் 16-ஆம் தேதி பின்வாங்கியது. எஃப்ஐஏ விசாரணை நடத்துவதாக உறுதியளித்திருந்தது. அன்று நடந்த பரிசளிப்பு விழாவுக்கு ஹாமில்டனும் வோல்ஃபும் வரவில்லை. மறுநாள் எஃப்ஐஏ-வின் புதிய தலைவராக முகமது பின் சுலாயம் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2022 பிப்ரவரியில் மாசி அந்தப் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார்.

மார்ச் 19-ஆம் தேதி வெளியான அறிக்கை, பின்தங்கிய கார்களை அடையாளம் காணும் வேலை அதுவரை கையால் செய்யப்பட்டு வந்ததாகவும், மனிதத் தவறால்தான் எல்லாக் கார்களும் அனுப்பப்படவில்லை என்றும் சொன்னது. மாசி நல்லெண்ணத்துடன், நேர நெருக்கடியிலும் அணிகளின் அழுத்தத்திலும் செயல்பட்டார் என்றும், முடிவு இறுதியானது, மாற்ற முடியாதது என்றும் கூறியது.

இங்கேதான் கணக்கு இடிக்கிறது. பந்தயத்தன்று நடுவர்களிடம் மாசி சொன்னது வேறு: முன்னணிக் கார்களின் போட்டிக்கு இடையூறாக நின்றவற்றை அகற்றுவதே விதியின் நோக்கம், பந்தயங்கள் முடிந்தவரை பச்சைக் கொடியில், அதாவது போட்டி ஓட்டத்திலேயே, முடிய வேண்டும் என்பது அணிகளுக்கும் ஏற்கெனவே உடன்பாடான விஷயம் என்றார். அது எண்ணித் துணிந்த முடிவின் விளக்கம். மூன்று கார்களை எண்ணாமல் விட்டுவிட்டவரின் விளக்கம் அல்ல. வேண்டுமென்றே ஐந்தை மட்டும் தேர்ந்தெடுத்தார் என்றால் அது விதியை வளைத்தது. தவறிப்போய் மூன்றை விட்டார் என்றால் அது கைப்பிழை. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியாது. கைப்பிழை என்ற பெயர் எல்லோருக்கும் வசதியாக இருந்தது: மாசியின் நேர்மைக்கு இழுக்கில்லை, வெர்ஸ்டாப்பனின் கோப்பைக்குச் சேதமில்லை, நடுவர்களின் தீர்ப்பைத் தொட வேண்டியதுமில்லை. அடுத்த சுற்று முடிவு வரை காத்திராமல் சேஃப்டி காரை முன்னதாகவே அழைத்த பெரிய கேள்வியை அந்தச் சொல் விளக்கவேயில்லை.

பிறகு மாறியவை

‘எனி’ என்ற சொல் ‘ஆல்’ என்று திருத்தப்பட்டது. ரெட் புல் சொன்னபடி அதற்கு ஏற்கெனவே பொருள் ஐயம் இருந்தது என்று திருத்தத்தை ஒரு தரப்பும், விதியின் நோக்கம் எப்போதும் அதுவாகவே இருந்தது என்று மறுதரப்பும் மேற்கோள் காட்டுகின்றன. பின்தங்கிய கார்களின் பட்டியலை மென்பொருளே தருகிறது. அணித் தலைவர்கள் பந்தய இயக்குநரிடம் நேரடியாக வானொலியில் வாதாடும் வழக்கம் நிறுத்தப்பட்டது. தொலைவிலிருந்து இயக்குநருக்கு உதவ ஒரு கட்டுப்பாட்டு அறை அமைக்கப்பட்டது. ஸ்பாவைப் போல் ஒரு சுற்றும் போட்டியாக ஓடாத பந்தயத்துக்குப் புள்ளி கிடையாது என்றும் விதி வந்தது.

விளையாட்டில் முடிந்த முடிவைப் பின்னால் திறப்பது எத்தனை கடினம் என்பதற்கு, 2008-இல் ஒரே புள்ளியில் ஹாமில்டனிடம் பட்டத்தை இழந்த ஃபெலிப் மாசா இத்தனை ஆண்டுகள் கழித்து லண்டன் உயர் நீதிமன்றத்தின் கதவைத் தட்டியிருப்பதே சான்று. சிங்கப்பூரில் அவருக்குப் பாதகமாக அமைந்த ஒரு விபத்து திட்டமிட்டு நிகழ்த்தப்பட்டது என்பது 2009-லேயே உறுதியானது. ஆண்டின் முடிவு மட்டும் அசையவில்லை.

திருத்திய விதிகளுக்கு உண்மையான சோதனை 2022 செப்டம்பரில் மொன்சாவில் வந்தது. 53 சுற்றுப் பந்தயத்தின் 47-ஆம் சுற்றில் ரிக்கார்டோவின் கார் தடத்தோரம் நின்றது. சேஃப்டி கார் வந்தது. காரை அகற்றவும் அணிவகுப்பைச் சரிசெய்யவும் நேரம் கரைந்தது. இந்த முறை யாரும் எதையும் சுருக்கவில்லை. பந்தயம் ஊர்வலமாகவே முடிந்தது. ஃபெராரி ரசிகர்கள் நிறைந்த அரங்கம் கூச்சலிட்டுத் தன் அதிருப்தியைக் காட்டியது. சேஃப்டி காரின் பின்னே முதலாவதாகக் கோட்டைக் கடந்து அந்தக் கூச்சலைக் கேட்டபடி மேடையேறியவர் மேக்ஸ் வெர்ஸ்டாப்பன்.